பயமில்லாமல் அப்டேட் செய்வது எப்படி? ஃப்ரீபிஎஸ்டி சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரு வேலைக் கையேடு

சர்வர் நிர்வாக வேலைக்குப் புதிதாகச் சேருகிறவரிடம் அலுவலகம் சீக்கிரமே ஒப்படைக்கும் பொறுப்புகளில் ஒன்று மென்பொருள் அப்டேட். பார்த்தால் ஒரு வரிக் கட்டளை. அதை அடித்த பிறகு இணையதளம் திறக்காவிட்டாலோ டேட்டாபேஸ் எழுந்திருக்காவிட்டாலோ பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இந்தப் பயத்தில்தான் பல அலுவலகங்களில் "ஓடுறதைத் தொடாதே" என்பது எழுதாத சட்டமாகிவிடுகிறது.

அந்தச் சட்டத்தின் விலை என்ன என்பதை அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் 2017-இல் உலகத்துக்கே காட்டியது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டைக்குத் திருத்தம் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளிவந்துவிட்டது. நிறுவனத்தின் ஒரு இணையதளத்தில் அது போடப்படவில்லை. மே மாதம் அதன் வழியாக ஊடுருவியவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் தனிப்பட்ட விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். திருத்தம் கையில் இருந்தும் போடப்படாததால் நடந்த இழப்பு அது.

அப்டேட் செய்தால் ஏதாவது உடையலாம். செய்யாவிட்டால் யாராவது உள்ளே வரலாம். இரண்டுக்கும் ஒரே மருந்து ஒழுங்கான வழக்கம். சிறிதாக, அடிக்கடி, படித்துப் பார்த்து, திரும்பும் வழியை வைத்துக்கொண்டு செய்தால் அப்டேட் சாதாரண வேலையாகிவிடும். அந்த வழக்கத்தை ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை வைத்து இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

ஏன் ஃப்ரீபிஎஸ்டி?

வேலைச் சந்தையில் லினக்ஸுக்கே இடம் அதிகம். ஆனாலும் நெட்ஃபிளிக்ஸ் தன் வீடியோக்களை உலகெங்கும் அனுப்பும் ஓப்பன் கனெக்ட் சர்வர்களில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. பிளேஸ்டேஷன் 4-இன் இயங்குதளம் அதன் அடித்தளத்தில் உருவானது. பல அலுவலகங்களின் ஃபயர்வால் பெட்டிகளில் உள்ள பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டும் அதன் மேல் கட்டப்பட்டவை. நெட்வொர்க், ஸ்டோரேஜ் பக்கம் வேலை பார்க்கிறவர் என்றைக்காவது ஒருநாள் இதைத் தொடத்தான் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. எது இயங்குதளம், எது வெளியிலிருந்து வந்த மென்பொருள் என்று இதில் கோடு தெளிவாக இருக்கிறது. இதில் பழகியவருக்கு டெபியனோ ரெட் ஹேட்டோ எதுவானாலும் கட்டளைகள்தான் மாறும்; யோசிக்கும் முறை மாறாது.

முதலில் எல்லைக்கோட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃப்ரீபிஎஸ்டியில் கர்னல், ஷெல், அடிப்படைக் கருவிகள் எல்லாம் சேர்ந்தது 'பேஸ் சிஸ்டம்'. அதை ஃப்ரீபிஎஸ்டி திட்டக்குழுவே பராமரித்து, சோதித்து, ஒன்றாக வெளியிடுகிறது. என்ஜின்எக்ஸ், போஸ்ட்கிரெஸ், பிஎச்பி, பைத்தான் போன்றவை வெளியார் எழுதியவை. அவை பேக்கேஜ்களாக வந்து '/யூஎஸ்ஆர்/லோக்கல்' என்ற கோப்புறைக்குள் உட்காரும். அவற்றின் கன்ஃபிக் ஃபைல்கள் அதற்குள்ளேயே 'இடிசி' என்ற கோப்புறையில் இருக்கும்.

இரண்டையும் அப்டேட் செய்யும் கருவிகள் வேறு. பேஸ் சிஸ்டத்துக்கு நெடுங்காலமாக 'ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்'. வெளி மென்பொருளுக்கு 'பிகேஜி'. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்துவிட்டது என்று நினைப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. புதிய பதிப்புகளில் பேஸ் சிஸ்டத்தையும் பேக்கேஜ்களாகவே நிறுவும் முறை வந்திருக்கிறது. அதனால் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட சர்வர் எந்த முறையில் நிறுவப்பட்டது என்பதை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜா, போர்ட்ஸா?

வெளி மென்பொருளை நிறுவ இரண்டு வழிகள் உண்டு. தயாராகக் கட்டி வைத்திருக்கும் பேக்கேஜை இறக்கிக்கொள்வது ஒன்று. 'போர்ட்ஸ்' தொகுப்பில் உள்ள செய்முறையைக் கொண்டு மூலக்குறியீட்டிலிருந்து நீங்களே கட்டிக்கொள்வது மற்றது. போர்ட்ஸ் 1990-களின் முற்பகுதியில் ஜோர்டன் ஹப்பார்ட் தொடங்கியது. இன்று 30,000-க்கும் மேற்பட்ட மென்பொருள்கள் அதில் உள்ளன. பேக்கேஜ்கள் கட்டப்படுவதும் அதே செய்முறைகளிலிருந்துதான். இன்று நாம் பயன்படுத்தும் 'பிகேஜி' கருவி 2014 ஜனவரியில் வந்த 10.0 பதிப்பிலிருந்து நிலையான கருவியாக இருக்கிறது.

தொடக்கநிலையில் இருப்பவர் பேக்கேஜையே எடுங்கள். நேரம் மிச்சம், உங்களைப் போல ஆயிரக்கணக்கானோர் அதே பேக்கேஜைப் பயன்படுத்துவதால் சிக்கல் வந்தாலும் தீர்வு சீக்கிரம் கிடைக்கும். வழக்கமான பேக்கேஜில் இல்லாத ஒரு வசதி வேண்டும் என்றால்தான் போர்ட்ஸ் பக்கம் போக வேண்டும்.

ஒரே சர்வரில் பாதியைப் பேக்கேஜாகவும் மீதியைக் கையால் கட்டியும் வைக்காதீர்கள். பேக்கேஜ் களஞ்சியம் ஒரு தேதியின் போர்ட்ஸிலிருந்து கட்டப்பட்டிருக்கும். உங்கள் கையில் உள்ள போர்ட்ஸ் வேறு தேதியில் இருக்கும். ஒன்று கேட்கும் நூலகத்தின் பதிப்பு மற்றதற்கு ஒத்துவராது. உங்களுக்கென்று தனி அமைப்புகள் தேவை என்றால் 'பூட்ரியேர்' என்ற கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். அது சுத்தமான ஜெயிலுக்குள், அதாவது தனித்துப் பிரித்த சூழலுக்குள், வேண்டிய எல்லாவற்றையும் கட்டி, உங்கள் அலுவலகத்துக்கென்று ஒரு சொந்தக் களஞ்சியத்தை உருவாக்கித் தரும். சர்வர்கள் எல்லாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பத்து சர்வர்களுக்கு மேல் பார்த்துக்கொள்கிறவருக்கு இது பெரிய பலம். வேலை விண்ணப்பத்தில் எழுதத்தக்க திறமையும்கூட.

காலாண்டுக் கிளையா, லேட்டஸ்ட்டா?

பேக்கேஜ் களஞ்சியம் இரண்டு கிளைகளாகக் கிடைக்கிறது. 'குவார்ட்டர்லி' என்பது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதத் தொடக்கங்களில் பிரியும் கிளை. பிரிந்த பிறகு பாதுகாப்புத் திருத்தங்களும் அவசியமான பிழைத் திருத்தங்களும் மட்டுமே அதில் சேரும். 'லேட்டஸ்ட்' கிளையில் புதிய பதிப்புகள் வரவர உடனே வந்துவிடும். வெளியீட்டுப் பதிப்புகளில் இயல்பாக அமைந்திருப்பது குவார்ட்டர்லி.

வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வருக்குக் குவார்ட்டர்லி போதும். உங்கள் சொந்த லேப்டாப்பிலும் சோதனைப் பெட்டியிலும் லேட்டஸ்ட் வைத்துக்கொண்டால், அடுத்த காலாண்டில் சர்வருக்கு வரப்போவது என்ன என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

குவார்ட்டர்லியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காலாண்டு மாறும்போது மூன்று மாத மாற்றங்கள் ஒரே நாளில் வந்து இறங்கும். பிஎச்பியின் இயல்புப் பதிப்பு மாறுவதும் போஸ்ட்கிரெஸின் இயல்புப் பதிப்பு மாறுவதும் பெரும்பாலும் அப்போதுதான் கண்ணில் படும். ஆகவே அந்த நான்கு மாதங்களின் முதல் இரண்டு வாரங்களில் நடக்கும் அப்டேட்டுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள்; சோதனைப் பெட்டியில் செய்துபார்க்காமல் உண்மையான சர்வரைத் தொடாதீர்கள். பழைய காலாண்டுக்குத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும் என்பதால் அதிலேயே தங்கிவிடவும் முடியாது.

என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் பராமரிக்க முடியாது

புதிய சர்வர் கைக்கு வந்ததும் முதல் வேலை கணக்கெடுப்பு. 'பிகேஜி இன்ஃபோ' எல்லா பேக்கேஜ்களையும் காட்டும். பட்டியல் நீளமாக இருக்கும். அதில் பெரும்பகுதி வேறு எதற்காகவோ துணையாக வந்த சார்பு மென்பொருள்கள். 'பிகேஜி பிரைம்-லிஸ்ட்' என்று அடித்தால் மனிதர் கேட்டு நிறுவியவை மட்டும் வரும். இந்தச் சிறிய பட்டியல்தான் சர்வரின் உண்மையான அடையாளம்.

அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எதற்காக இருக்கிறது, யார் பயன்படுத்துகிறார், அது நின்றுபோனால் யாருக்குச் சொல்ல வேண்டும். பதில் தெரியாத பேக்கேஜ் இருந்தால் மூத்தவர்களிடம் கேளுங்கள். "அது பழைய புராஜெக்ட்டுக்குப் போட்டது, இப்போ தேவையில்லை" என்று பதில் வந்தால் நீக்கிவிடலாம். இல்லாத மென்பொருளில் ஓட்டை விழாது.

தேவையற்றதை நீக்கிய பிறகு 'பிகேஜி ஆட்டோரிமூவ்' ஆதரவற்ற சார்புகளைத் துடைத்துவிடும். அது காட்டும் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். தேவையான ஒன்று தவறாக அதில் வந்திருந்தால், 'பிகேஜி செட்' கட்டளையால் அதைக் 'கேட்டு நிறுவியது' என்று குறித்துவிடலாம்.

தினமும் இரண்டு நிமிடம்: ஆடிட்

'பிகேஜி ஆடிட்' என்ற கட்டளை உங்கள் சர்வரில் உள்ள பேக்கேஜ்களை, திட்டக்குழு பராமரிக்கும் பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லும். பெரிய எழுத்து 'எஃப்' விருப்பத்தைச் சேர்த்தால் அந்தப் பட்டியலை முதலில் புதிதாக இறக்கிக்கொள்ளும். இந்தச் சோதனை தினசரிப் பாதுகாப்பு அறிக்கையிலும் சேர்ந்தே வருகிறது. அந்த அறிக்கை ரூட் கணக்கின் மின்னஞ்சலுக்குப் போகும். அங்கே பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை. மின்னஞ்சல் மாற்றுப்பெயர் ஃபைலில் ஒரு வரி சேர்த்து, அது உங்கள் குழுவின் முகவரிக்கு வரும்படி செய்யுங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் இது.

அறிக்கையில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றுக்கும் நள்ளிரவில் எழுந்து ஓட வேண்டியதில்லை. நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அந்த மென்பொருள் இணையத்துக்கு நேராகத் திறந்திருக்கிறதா? ஓட்டையைப் பயன்படுத்த உள்நுழைவு தேவையா? ஓட்டை உள்ள வசதியை நாம் பயன்படுத்துகிறோமா? அதை வைத்து ஏற்கெனவே தாக்குதல்கள் நடக்கின்றனவா? இணையத்துக்குத் திறந்த சேவையில், கடவுச்சொல் இல்லாமலே நுழைய முடியும் என்றால் அன்றைக்கே திருத்தம் போட வேண்டும். உள்ளுக்குள் மட்டும் பயன்படும் படச் செயலி நூலகம் என்றால் வார அப்டேட்டுக்குக் காத்திருக்கலாம். இந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதி வையுங்கள். பின்னால் யாராவது கேட்டால் அந்தக் குறிப்பே பதில் சொல்லும்.

அப்டேட் நாள்: எட்டுப் படிகள்

வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ ஒரு நாளையும் நேரத்தையும் நிலையாக வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். உடைந்தால் சரிசெய்ய ஆள் இருக்க மாட்டார்கள். வாரத்தின் நடுவில் காலை நேரம் நல்லது.

1. அறிவிப்பு படியுங்கள். போர்ட்ஸ் தொகுப்பில் 'அப்டேட்டிங்' என்ற ஃபைல் உண்டு. கையால் செய்ய வேண்டிய மாற்றங்கள், பெயர் மாறியவை, கவனம் தேவைப்படுபவை எல்லாம் தேதிவாரியாக அதில் இருக்கும். போர்ட்ஸின் பிரதி சர்வரில் இருந்தால் 'பிகேஜி அப்டேட்டிங்' கட்டளை உங்களிடம் உள்ள பேக்கேஜ்களுக்கு உரிய குறிப்புகளை மட்டும் பிரித்துக் காட்டும்.

2. ஒத்திகை பாருங்கள். 'பிகேஜி அப்கிரேட்' கட்டளையோடு சிறிய 'என்' விருப்பத்தைச் சேர்த்தால் எதையும் தொடாமல், என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். மேம்படுத்தப்படுபவை, புதிதாக வருபவை, மறுபடி நிறுவப்படுபவை, நீக்கப்படுபவை என்று அது பிரித்துக் காட்டும். நீக்கப்படுபவை பட்டியலில் உங்களுக்குத் தேவையான ஒரு பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். களஞ்சியத்தில் அந்த பேக்கேஜ் கட்டப்படாமல் போயிருக்கலாம், அல்லது இன்னொன்றோடு மோதலாம். காரணம் தெரியும்வரை 'ஒய்' அடிக்காதீர்கள்.

3. திரும்பும் வழியை அமையுங்கள். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை உள்ள சர்வரில் 'பிஈசிடிஎல் கிரியேட்' கட்டளையால் ஒரு பூட் என்விரான்மென்ட் உருவாக்குங்கள். சில நொடி வேலை. டேட்டாபேஸுக்குத் தனியாக டம்ப் எடுங்கள்.

4. தெரிவியுங்கள். பயனர்களுக்குச் சிறிய செய்தி போதும்: "இன்று காலை 7 முதல் 7.30 வரை பில்லிங் சர்வரில் பராமரிப்பு வேலை. இடையில் சில நிமிடங்கள் திறக்காமல் போகலாம். முடிந்ததும் தகவல் தருகிறேன்."

5. அப்கிரேட் செய்யுங்கள். 'பிகேஜி அப்கிரேட்' இயல்பாகவே பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும். 'ஸ்கிரிப்ட்' கட்டளையை முதலில் ஓடவிட்டால் திரையில் ஓடுவது முழுவதும் ஒரு ஃபைலில் பதிவாகும்.

6. முடிவில் வரும் செய்திகளைப் படியுங்கள். பேக்கேஜ் எழுதியவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதை அங்கேதான் சொல்லியிருப்பார். நழுவவிட்டால் 'பிகேஜி இன்ஃபோ' கட்டளையில் பெரிய எழுத்து 'டி' விருப்பத்தைச் சேர்த்து மறுபடி பார்க்கலாம். நீங்கள் திருத்திய கன்ஃபிக் ஃபைலை அப்டேட் மேலெழுதாது. புதிய மாதிரி பெரும்பாலும் 'சாம்பிள்' என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் 'டிஃப்' போட்டுப் பாருங்கள்.

7. சேவைகளை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இயல்பான அமைப்பில் 'பிகேஜி' எந்தச் சேவையையும் தானாக ரீஸ்டார்ட் செய்யாது. டிஸ்கில் புதிய நூலகம் வந்திருந்தாலும், முன்பே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் நினைவகத்தில் பழைய, ஓட்டையுள்ள நூலகத்தையே பிடித்திருக்கும். அப்டேட் செய்தும் பாதுகாப்பு வராமல் போவது இந்த இடத்தில்தான். 'சர்வீஸ்' கட்டளையில் சிறிய 'ஈ' விருப்பம் எந்தெந்தச் சேவைகள் இயக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன என்று காட்டும். கன்ஃபிக்கைச் சோதிக்கும் வசதி உள்ள சேவைக்கு, என்ஜின்எக்ஸ் போல, முதலில் சோதனை, பிறகு ரீஸ்டார்ட்.

8. சரிபார்த்து எழுதுங்கள். இணையதளத்தைத் திறந்து, உள்நுழைந்து, ஒரு உண்மையான வேலையைச் செய்து பாருங்கள். லாக் ஃபைலைப் பாருங்கள். மறுபடி ஆடிட் ஓட்டுங்கள். தேதி, மாறிய பேக்கேஜ்கள், கண்ட சிக்கல், செய்த தீர்வு ஆகிய நான்கையும் குழுவின் பொதுப் பதிவேட்டில் எழுதுங்கள்.

டேட்டாபேஸ் மட்டும் தனி ஜாதகம்

போஸ்ட்கிரெஸின் பெரும் பதிப்பு ஆண்டுக்கு ஒன்று வருகிறது; ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு உண்டு. பெரும் பதிப்பு மாறினால் டிஸ்கில் தரவு எழுதப்படும் வடிவமும் மாறும். பழைய தரவுக் கோப்புறையைப் புதிய பதிப்பு அப்படியே திறக்காது. டம்ப் எடுத்து மறுபடி ஏற்ற வேண்டும், அல்லது 'பிஜி-அப்கிரேட்' கருவியால் மாற்ற வேண்டும். இதனால்தான் ஃப்ரீபிஎஸ்டி ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் தனிப்பெயரில் பேக்கேஜ் வைத்திருக்கிறது.

சிக்கல் பக்கவாட்டில் வருகிறது. உங்கள் பிஎச்பி இணைப்பு போன்ற பேக்கேஜ்கள் போஸ்ட்கிரெஸின் இயல்புப் பதிப்பின் கிளையன்ட்டைச் சார்ந்தவை. இயல்புப் பதிப்பு மாறிய காலாண்டில் அவை புதிய கிளையன்ட்டைக் கேட்கும். புதிய கிளையன்ட்டும் பழைய கிளையன்ட்டும் ஒன்றாக இருக்க முடியாது. பழைய சர்வரோ பழைய கிளையன்ட்டைச் சார்ந்தது. விளைவாக, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் சர்வரையே நீக்கலாமா என்று 'பிகேஜி அப்கிரேட்' கேட்கும். இரண்டாம் படியில் நீக்கப்படுபவை பட்டியலைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். இதைக் கண்டால் வழக்கமான அப்டேட்டை நிறுத்திவிட்டு, டேட்டாபேஸ் மாற்றத்தைத் தனி வேலையாகத் திட்டமிடுங்கள்.

இடைக்காலத்தில் 'பிகேஜி லாக்' கட்டளையால் ஒரு பேக்கேஜைப் பூட்டி வைக்கலாம். ஆனால் பூட்டியது மறந்துபோகும். அதோடு பிணைந்த மற்றவையும் பழையதாகவே நின்றுவிடும். பூட்டிய அன்றே திறக்க வேண்டிய தேதியையும் நாட்காட்டியில் குறியுங்கள்.

திரும்பும் வழியில் ஒரு பள்ளம்

பூட் என்விரான்மென்ட் அருமையான வசதி. அப்டேட் சொதப்பினால் பழையதை 'ஆக்டிவேட்' செய்து ரீபூட் கொடுத்தால் சர்வர் முந்தைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் நிறுவும்போது இயல்பாக அமையும் இசட்எஃப்எஸ் அமைப்பில் '/வார்/டிபி' கோப்புறை தனி டேட்டாசெட்டாக இல்லை. ரூட்டோடு சேர்ந்தே இருக்கிறது. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் தங்கள் தரவை வைப்பது அதற்குள்தான். காலையில் அப்டேட் செய்து, மதியம் சிக்கலைக் கண்டு, பழைய நிலைக்குத் திரும்பினால் இடையில் பதிவான அத்தனை பில்களும் ஆர்டர்களும் சேர்ந்தே பின்னுக்குப் போய்விடும்.

டேட்டாபேஸின் தரவுக் கோப்புறைக்குத் தனி டேட்டாசெட் உருவாக்கி வைப்பதே தீர்வு. அப்போது மென்பொருள் மட்டும் பின்னால் போகும். தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். புதிய சர்வர் அமைக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். ஒரு பேக்கேஜ் மட்டும் பிசகினால் முழு சர்வரையும் திருப்ப வேண்டியதில்லை. இறக்கிய பழைய பதிப்பு பெரும்பாலும் '/வார்/கேஷ்/பிகேஜி' கோப்புறையில் இருக்கும். அங்கிருந்து மறுபடி நிறுவிக்கொள்ளலாம். அதனால் அப்டேட் முடிந்து சில நாள் கழித்தே 'பிகேஜி கிளீன்' ஓட்டுங்கள்.

இயங்குதளமே பதிப்பு மாறும்போது

13-இலிருந்து 14-க்குப் போவது போன்ற பெரும் பதிப்பு மாற்றத்தில் பழைய பேக்கேஜ்களை அப்படியே வைத்திருக்கக் கூடாது. புதிய பதிப்புக்கென்று கட்டப்பட்டவற்றை முழுவதுமாக மறுபடி நிறுவ வேண்டும். 'பிகேஜி' கருவியே முதலில் ஓட மறுக்கலாம். அதற்கென்றே எதையும் சாராத 'பிகேஜி-ஸ்டேட்டிக்' உடன் வருகிறது. அதைக் கொண்டு கருவியைப் புதுப்பித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் கட்டாய மறுநிறுவல் செய்யுங்கள்.

கர்னல் மாட்யூல்களாக வரும் பேக்கேஜ்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. கிராஃபிக்ஸ் டிரைவரும் விர்ச்சுவல்பாக்ஸும் இந்த வகை. இவை கர்னலின் துல்லியமான பதிப்போடு ஒட்டியவை. 14.1-இலிருந்து 14.2 போன்ற சிறு மாற்றத்திலும் இவை முரண்டு பிடிக்கலாம். புதிய பதிப்புகளில் இவற்றுக்கென்று தனிக் களஞ்சியம் தரப்படுகிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எங்கிருந்து வருகிறது என்பதும் உங்கள் பொறுப்பு

2012 நவம்பரில் ஃப்ரீபிஎஸ்டி திட்டம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஒரு டெவலப்பரிடமிருந்து திருடப்பட்ட எஸ்எஸ்எச் சாவியைக் கொண்டு, திட்டத்தின் இரண்டு கணினிகளுக்குள் யாரோ நுழைந்திருந்தார்கள். மாற்றப்பட்டதற்கான தடயம் இல்லாவிட்டாலும், அந்த ஆண்டு செப்டம்பர் 19 முதல் நவம்பர் 11 வரை கிடைத்த பேக்கேஜ்களுக்குத் தங்களால் உறுதி தர முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த நேர்மை எல்லா நிர்வாகிகளுக்கும் பாடம். இன்று களஞ்சியம் கையொப்பமிடப்பட்டு வருகிறது. 'பிகேஜி' அதைச் சரிபார்த்த பிறகே நிறுவும். பிழைச் செய்தி வருகிறதென்று அந்தச் சரிபார்ப்பை ஒருபோதும் அணைத்துவிடாதீர்கள்.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைக்கப்பட்டிருந்ததை வெளிப்படுத்தினார். எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமானதைக் கவனித்துத்தான் அவர் தோண்ட ஆரம்பித்தார். அது லினக்ஸைக் குறிவைத்தது. ஃப்ரீபிஎஸ்டி வெளியீடுகள் பாதிக்கப்படவில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை உடனே போடுங்கள். வெறும் புதிய வசதிகளோடு வரும் பதிப்பைச் சில வாரம் பொறுத்துப் போட்டால் நஷ்டமில்லை என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

'பிப்', 'என்பிஎம்' போன்ற மொழிவாரிக் கருவிகளை ரூட் கணக்கில் ஓட்டி '/யூஎஸ்ஆர்/லோக்கல்' கோப்புறைக்குள் நேராக நிறுவாதீர்கள். அப்படிப் போட்டவை 'பிகேஜி'யின் கணக்கில் வராது. ஆடிட்டும் அவற்றைப் பார்க்காது. தேவைப்பட்டால் ஒவ்வொரு செயலிக்கும் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட்டோ தனி ஜெயிலோ வையுங்கள்.

நேர்காணலில் இது எப்படி உதவும்?

"ஒரு சர்வரில் பாதுகாப்பு ஓட்டை வந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், கட்டளையை மட்டும் சொல்கிறவர் பலர். நீங்கள் வரிசையைச் சொல்லுங்கள்: எந்தெந்த சர்வரில் அது உள்ளது என்று கண்டறிவேன், எவ்வளவு அவசரம் என்று மதிப்பிடுவேன், சோதனைப் பெட்டியில் போட்டுப் பார்ப்பேன், திரும்பும் வழியை அமைத்து, தெரிவித்து, அப்டேட் செய்து, சேவையை ரீஸ்டார்ட் செய்து, சரிபார்த்து, எழுதி வைப்பேன். ரீஸ்டார்ட்டையும் எழுதி வைப்பதையும் சொல்கிறவர் உண்மையில் இந்த வேலையைச் செய்தவர் என்று கேட்கிறவருக்குப் புரிந்துவிடும்.

வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்றே தொடங்கலாம். பழைய லேப்டாப்பிலோ விர்ச்சுவல் மெஷினிலோ ஃப்ரீபிஎஸ்டி நிறுவுங்கள். காசு எதுவும் வேண்டாம். என்ஜின்எக்ஸும் போஸ்ட்கிரெஸும் போட்டு ஒரு சிறு தளம் நடத்துங்கள். மூன்று மாதம் வாராவாரம் அப்டேட் செய்து பதிவேடு எழுதுங்கள். வேண்டுமென்றே ஒருமுறை உடைத்து, பூட் என்விரான்மென்ட் வழியாக மீட்டுப் பாருங்கள். நேர்காணலில் அந்தப் பதிவேட்டை எடுத்துக் காட்டினால், சான்றிதழ் சொல்லாததை அது சொல்லும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் நாளைக் காலை ஒரே ஒரு சர்வரில் 'பிகேஜி ஆடிட்' ஓட்டிப் பாருங்கள். வரும் பட்டியலை மறைக்காமல் மேலாளரிடம் கொண்டுபோய், எதை எப்போது சரிசெய்யப் போகிறீர்கள் என்ற தேதிகளோடு கொடுங்கள். அந்த சர்வரில் இருப்பது யாரோ ஒருவரின் சம்பளக் கணக்கு, மருத்துவப் பதிவு, தேர்வு மதிப்பெண். அவர்களுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் உங்களை நம்பித்தான் அவற்றைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்காக வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.